சுவரில தண்ணியோ உப்போ? மெசின் லேர்னிங் வைச்சுப் பிடிக்கிற வழி

விசுவமடுவில எங்கட பெரியம்மா வீட்டுக் கிழக்குச் சுவர் ஒவ்வொரு மாரிக்கும் பொருக்குப் பொருக்கா உதிரும். முதல்ல வந்த மேசன் டிபிசி (அத்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாமல் போடுற தடுப்பு) சரியில்லை எண்டார், ரெண்டாவது ஆள் மண் உப்பு மண் எண்டார், பெயின்ற் கடையில நிண்ட தம்பி ஒரு வாளி வோட்டர் புரூவ் பெயின்ற்றைத் தூக்கித் தந்து இதை அடிச்சா பத்து வருசத்துக்குக் கவலை இல்லை எண்டான். அடிச்சம். அடுத்த கார்த்திகையில அந்தப் பெயின்ற் அப்பளம் மாதிரி ஊதி நிண்டுது, விரலால குத்தினா உள்ளுக்கிருந்து தண்ணி வடியுது. அண்டைக்குத்தான் இந்த வேலையைத் தொடங்கினனான், பேந்து அது ஊருக்குள்ள கனக்க வீடுகளுக்குப் பரவிட்டுது. உங்களுக்கும் செய்து பாக்க விருப்பம் எண்டால் நான் பிழைவிட்ட இடங்களையும் சேர்த்துச் சொல்லுறன், வாசிச்சுப் போட்டு இறங்குங்கோ.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. மெசின் லேர்னிங் சுவருக்குள்ள எட்டிப் பாக்காது. நாங்கள் கொஞ்ச இடத்தில சுவரைத் துளைச்சு உண்மையான ஈரத்தை நிறுத்துப் பாக்கிறம், அதே இடத்தில சென்சர் என்ன சொல்லுது, எத்தினை மணி, காத்தில எவ்வளவு ஈரப்பதன், மழை பெஞ்சு எத்தினை நாள் எண்டதெல்லாத்தையும் எழுதுறம், பேந்து மொடல் எண்ட கணக்குப் புரோகிராம் இந்த ரெண்டுக்கும் நடுவில உள்ள தொடர்பைப் பழகி, துளைக்காத மிச்ச இடத்துக்கு ஒரு கணிப்புச் சொல்லுது. அவ்வளவுதான். துளைச்சு நிறுக்கிறதுக்குப் பஞ்சிப்பட்டால் மொடல் சொல்லுறதெல்லாம் சும்மா கதை.

எங்கட பக்கத்தில சுவர் ஈரமாகிறதுக்குக் காரணம் நாலைஞ்சுதான். அத்திவாரத்தால கீழயிருந்து ஏறுறது, இது பெரும்பாலும் மூண்டு நாலு அடிக்குள்ள நிண்டு மேல் விளிம்பில வெள்ளையா உப்புக் கோடு விடும். வாடைக்காத்தோட வாற மழை வடக்குச் சுவரிலயும் கிழக்குச் சுவரிலயும் அடிச்சு ஊறுறது. ஓடு விலகி, பீலி ஓட்டையாகி மேலயிருந்து வழியிறது. குளியலறைப் பைப் ஒழுகிறது. இதுகளைவிட ஒரு கள்ளன் இருக்கிறான், அவன்தான் உப்பு.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லத்தான் வேணும், மீற்றரையும் மேசனையும் சேர்த்து ஏமாத்துறது இதுதான். சாதாரண கறியுப்பு, காத்தின்ர ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினவுடன காத்திலயிருந்தே தண்ணியை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கட பக்கத்தில இரவிலயும் விடியப்புறத்திலயும் 75 எண்டது கனநாளைக்கு லேசாத் தாண்டுற எண், மாரியெண்டால் நாள் முழுக்க அதுக்கு மேலதான். அப்ப சுவரில உப்பு இருந்தால் அத்திவாரத்தில ஒரு சொட்டுத் தண்ணி இல்லாட்டியும் அந்த இடம் ஈரமாத்தான் தெரியும், தொட்டாலும் குளிரும். பூநகரிப் பக்கம் உவர்த் தண்ணியில சாந்து குழைச்ச சுவரெண்டால் கேக்கவே வேண்டாம். மாட்டுக்கொட்டிலோட ஒட்டின சுவரும் அப்பிடித்தான், மூத்திரத்தால நைத்திரேற்று உப்பு ஏறியிருக்கும். பின்னைப் பிடிச்சு மின்தடை அளக்கிற மீற்றர்கள் கடையில விக்கிறாங்கள் பாருங்கோ, அதுகள் முதல்ல மரத்துக்கெண்டு செய்தது, உப்புச் சுவரில வைச்சால் கத்திக் குளறும். அதை நம்பிச் சுவரை உடைச்ச ஆக்கள் இருக்கினம்.

சாமான்

கனக்கத் தேவையில்லை. ஈஎஸ்பி 32 எண்ட சின்னக் கம்பியூட்டர் போர்ட் ஒண்டு, மண் ஈரம் அளக்கிற கொள்ளளவச் (capacitive) சென்சர் ரெண்டு மூண்டு (ரெண்டு பல்லு நீட்டிக்கொண்டு நிக்கிற மற்ற வகை வேண்டாம், அது மின்தடை அளக்கிறது, உப்பில கெதியாத் துருப்பிடிக்கும்), காத்தின்ர வெப்பமும் ஈரப்பதனும் அளக்க டிஎச்டி 22 சென்சர் ஒண்டு, பவர் பாங்க், எஸ்டி கார்ட். இன்னும் 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு, நகைக்காரர் பாவிக்கிற மாதிரி. ட்ரில்லும் சுவர் துளைக்கிற 10 மில்லிமீற்றர் பிட்டும். மூடி இறுகப் பூட்டுற சின்னப் போத்தல்கள். கேக் சுடுற கரண்ட் அடுப்பை ஆரிட்டையாவது கேட்டு வாங்கலாம், நான் மச்சாளின்ர அடுப்பைத்தான் எடுத்தனான், அவ இண்டைவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறா.

வயர் குடுக்கேக்க ஒரு இடத்தில கவனம். ஈஎஸ்பி 32 இல வைஃபை வேலை செய்யேக்க ரெண்டாவது ஏடிசிப் பின்கள் (சென்சரின்ர மின்னழுத்தத்தை எண்ணா மாத்துற பின்கள்) வாசிக்காது, அதால சென்சரை 32 முதல் 39 வரைக்கும் உள்ள பின்களில ஒண்டில குடுங்கோ, நான் 34 இல குடுத்தனான். இது தெரியாமல் ரெண்டு நாள் சென்சர் பழுதெண்டு நினைச்சுக் கொண்டிருந்தனான். இன்னொண்டு, அந்தச் சென்சர் தட்டின்ர வெட்டு விளிம்பு தண்ணியை உறிஞ்சும், விளிம்பு முழுக்க நகப்பூச்சு ரெண்டு தரம் பூசிக் காயவிடுங்கோ. சென்சருக்குச் சென்சர் எண் வித்தியாசம் வரும், அதால ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம் எழுதி ஒட்டுங்கோ, பிறகு தேவைப்படும். ஈரம் கூடக் கூட எண் குறையும், எங்கட மூளை மற்றப்பக்கமா யோசிக்கும், பழகிப்போடும்.

சுவரில கோடு

வெண்கட்டியால சுவரில கட்டம் போடுங்கோ. நிலத்திலயிருந்து 10, 40, 80, 120, 160 சென்ரிமீற்றரில கோடு, குறுக்கால அரை மீற்றருக்கு ஒண்டு. மூலைத் தூணிலயிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கோ, தூணுக்குள்ள கம்பி இருக்கு, கம்பி சென்சரைக் குழப்பும். வயர் ஓடுற பாதையும் அப்பிடித்தான், சுவிச்சுக்கு நேர மேலயும் கீழயும் தவிருங்கோ. ட்ரில் பண்ணேக்க அது உயிருக்கும் ஆபத்து.

சென்சரை வெறுங்கையால அமத்தினால் ஒவ்வொருதரமும் ஒவ்வொரு எண் வரும். பின்னுக்கு ஒரு துண்டு ஸ்பொஞ்ச் ஒட்டி, அதுக்குப் பின்னால ஒரு மரக்கட்டை வைச்சு, ஒரே மாதிரி அமத்துங்கோ. ஒரு புள்ளியில அஞ்சுதரம் எடுத்து நடு எண்ணை எழுதுங்கோ, சராசரி வேண்டாம், ஒண்டு பிழைச்சால் சராசரி இழுபட்டுப்போடும்.

ஒவ்வொரு வீட்டிலயும் ஈரமே இல்லையெண்டு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு இடம் தேடுங்கோ, உள் தடுப்புச் சுவரில அஞ்சடிக்கு மேல எண்டால் பெரும்பாலும் சரி. அதுதான் அந்த வீட்டின்ர காய்ஞ்ச புள்ளி. மற்ற எல்லா எண்ணையும் அதால வகுத்து எழுதுங்கோ. சீமெந்துக் கல்லு வீட்டுக்கு வீடு வித்தியாசம், ஒருத்தர் வீட்டில சீமெந்தும் மணலும் ஒண்டுக்கு ஆறு, மற்றவர் வீட்டில ஒண்டுக்குப் பத்து, மீள்குடியேறின காலத்தில அவசரமா அரிஞ்ச கல்லில என்ன கலவை எண்டு அரிஞ்சவனுக்கே ஞாபகம் இல்லை. வெறும் எண்ணை ஒப்பிட்டால் ஒண்டும் விளங்காது, அந்த வீட்டின்ர காய்ஞ்ச புள்ளியோட ஒப்பிட்டால்தான் கதை வரும்.

இப்ப முக்கியமான விசயம். அதே புள்ளியை ஒரே நாளில ரெண்டுதரம் அளவுங்கோ. விடிய ஆறு மணிக்கு ஒருக்கா, பின்னேரம் ரெண்டு மணிக்கு ஒருக்கா. உப்பு மட்டும் உள்ள இடம் விடிய ஈரமாத் தெரிஞ்சு பின்னேரம் வெயிலுக்குக் காய்ஞ்சு போகும், ஏனெண்டால் அது காத்தோட சேர்ந்து ஆடுறது. கீழயிருந்து தண்ணி ஏறுற இடம் அசையாது, ரெண்டு நேரமும் கிட்டத்தட்ட ஒரே எண். நான் போட்ட அத்தினை அம்சத்திலயும் (மொடலுக்குக் குடுக்கிற ஒவ்வொரு விவரமும் ஒரு அம்சம்) மொடலுக்கு ஆகக் கூட உதவினது இந்த விடிய-பின்னேர வித்தியாசம்தான், கடைசியில விலைகூடின சென்சர் ஒண்டுமில்லை, விடியப்புறம் எழும்புறதுதான்.

துளைச்சு நிறுக்கிறது

எல்லாப் புள்ளியும் துளைக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு எட்டுப் பத்துக் காணும், ஆனால் ஈரமெண்டு நினைக்கிற இடத்தில மட்டும் துளைக்காமல் காய்ஞ்சதெண்டு நினைக்கிற இடத்திலயும் துளையுங்கோ. வீட்டுக்காரரிட்டக் கேட்டுப்போட்டுத்தான். மாஸ்க் போடுங்கோ, சீமெந்துத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

ட்ரில்லை மெதுவாச் சுத்தவிடுங்கோ, வேகமாச் சுத்தினால் சூட்டுக்கே தூள் காய்ஞ்சுபோடும், பேந்து எதை நிறுக்கிறது? முதல் ஒரு சென்ரிமீற்றர் பூச்சுத் தூளை எறிஞ்சுபோட்டு, அதுக்குப் பிறகு வாறதை ஒரு மடிச்ச கடதாசியில ஏந்திப் போத்தலுக்க போட்டு உடன மூடுங்கோ. பத்துப் பதினைஞ்சு கிராம் வேணும், தூள் காணாட்டி பக்கத்தில இன்னொரு துளை. போத்தல் வெறுமையா எவ்வளவு பாரம் எண்டு முதல்ல எழுதியிருக்கவேணும், இதை மறந்து ஒருநாள் பின்னேரம் முழுக்கத் தலையில கைவைச்சுக் கொண்டிருந்தனான்.

நிறுத்துப்போட்டு, தூளை அலுமினியக் கடதாசியில பரவி கரண்ட் அடுப்பில 105 பாகை செல்சியஸில வையுங்கோ. பிளாஸ்ரிக் போத்தலோட வைச்சிடாதேங்கோ. மூண்டு நாலு மணித்தியாலத்தால எடுத்து நிறுத்து, திரும்ப ஒரு மணித்தியாலம் வைச்சு நிறுத்து, எண் மாறாட்டில் காய்ஞ்சு முடிஞ்சுது. ஈரம் எண்டது போன பாரத்தைக் காய்ஞ்ச பாரத்தால வகுத்து நூறால பெருக்கிறது.

இதோட விட்டால் உப்புக் கள்ளன் தப்பிப்போயிடுவான். அவனைப் பிடிக்க ஐஸ்கிறீம் டப்பா ஒண்டு வேணும். அடியில கறியுப்பைப் போட்டு, உப்பு முழுக்கக் கரைஞ்சு போகாத அளவுக்குக் கொஞ்சமாத் தண்ணி விடுங்கோ, ஈரச் சீனி மாதிரி இருக்கவேணும். அந்தக் கூழுக்கு மேல மூடின டப்பாக்குள்ள ஈரப்பதன் 75 வீதத்திலயே நிக்கும், எங்கட வெக்கைக்கும் அது பெரிசா மாறாது. உள்ளுக்க ரெண்டு மூண்டு சோடா மூடியைக் கவிட்டு அதுக்கு மேல காய்ஞ்ச தூள்களை வையுங்கோ, கூழில முட்டக் கூடாது. ரெண்டு மூண்டு நாளால எடுத்து நிறுங்கோ. சுத்தமான சீமெந்துத் தூள் சொட்டுத்தான் கூடும், உப்புத் தூள் நல்லா இழுத்திருக்கும்.

கணக்கை ஒருக்காப் பாருங்கோ. தருமபுரத்தில ஒரு வீட்டு நெல்லறைச் சுவர், மீற்றர் வருசம் முழுக்க ஈரம் எண்டு சொன்ன இடம். எடுத்த உடன தூள் 14.20 கிராம், காய்ஞ்சு 13.55, அப்ப ஈரம் 4.8 வீதம். டப்பாக்குள்ள மூண்டு நாள் இருந்துபோட்டு 14.13 ஆச்சுது, அது 4.3 வீதம். அதாவது சுவரில இருந்த ஈரத்தில அரை வீதம் தவிர மிச்சமெல்லாம் காத்திலயிருந்து உப்பு இழுத்தது. வீட்டுக்கார அண்ணையைக் கேட்டால், அந்த இடத்தில ஏழெட்டு வருசமா யூரியாப் பைகளைச் சாத்தி வைக்கிறவராம். பை பிஞ்சு கொட்டினதையும் சுவரோட ஒதுக்கிறது. டிபிசி வெட்டிப் போட அவர் காசு சேர்த்துக்கொண்டு இருந்தவர், பூச்சை உரிச்சுப் போட்டுப் பைகளைப் பலகையில ஏத்தி வைச்சால் காணுமெண்டு சொன்னம்.

பெரியம்மா வீட்டுத் தூள் இப்பிடி: எடுக்கேக்க 15.12, காய்ஞ்சு 13.98, டப்பாக்குப் பிறகு 14.16. ஈரம் 8.2 வீதம், உப்பு இழுக்கக்கூடியது 1.3 வீதம்தான். மிச்சம் கிட்டத்தட்ட 7 வீதமும் எங்கயோ இருந்து வந்த நிசமான தண்ணி. இந்தக் கழிச்சு வாற எண்ணைத்தான் மொடலுக்குப் பழக்கவேணும். ஈரம் இருக்கோ இல்லையோ எண்டு பழக்காதேங்கோ, உப்பைக் கழிச்ச மிச்சத் தண்ணி எவ்வளவு எண்டு பழக்குங்கோ.

படம் எடுக்கிறதைப் பற்றி

கனபேர் நேரடியாப் படத்திலதான் தொடங்குவினம், போனில சுவரைப் படம் எடுத்து மொபைல்நெட் மாதிரி ஏற்கெனவே பழக்கின மொடல் ஒண்டை எடுத்து ஈரம், காய்ஞ்சது எண்டு ரெண்டு வகை குடுத்துப் பழக்கிறது. லேசு. ஆனால் படத்தில தெரியிறது உப்புப் பூத்ததும் பெயின்ற் உரிஞ்சதும் பூஞ்சணமும்தான், தண்ணி தெரியாது. போன வருச ஈரத்தின்ர கறை இந்த வருசம் காய்ஞ்ச பிறகும் கிடக்கும்.

என்ர முதல் மொடல் படத்திலதான். ரெஸ்ற்றில சரியாச் சொன்னது தொண்ணூறு வீதத்தைத் தாண்டிச்சுது, சந்தோசத்தில ரெண்டு பேருக்குப் போன் எடுத்துச் சொன்னனான். பேந்து பெரியம்மாவின்ர நல்லாக் காய்ஞ்ச சாமியறைச் சுவரைப் படம் எடுத்துக் குடுத்தால் ஈரம் எண்டுது. மற்றப் பக்கம், தண்ணி வடியிற சுவரைப் பட்டப்பகலில எடுத்துக் குடுத்தால் காய்ஞ்சது எண்டுது. யோசிச்சுப் பாத்தால், ஈரச்சுவர்ப் படமெல்லாம் மழை இருட்டில பிளாஷ் போட்டு எடுத்தது, காய்ஞ்ச படமெல்லாம் வெளிச்சத்தில எடுத்தது. சாமியறையில இருட்டெண்டு பிளாஷ் போட்டிருக்கிறன். மொடல் ஈரத்தைப் பழகேல்லை, பிளாஷைப் பழகியிருக்கு. பிள்ளையள் பாடத்தை விட்டுப்போட்டு ரீச்சரின்ர முகத்தைப் பாத்து விடை சொல்லுற மாதிரி.

அதால படம் எடுக்கிறதெண்டால் எல்லா வகையையும் எல்லா வெளிச்சத்திலயும் எடுங்கோ, ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைச் சுவரில ஒட்டி அதோட சேர்த்து எடுங்கோ, நிறம் ஒப்பிட உதவும். வெளிச்சுவரில மழைக்குத் தெறிச்ச செம்மண் ஒரு அடி உயரத்துக்கு அப்பியிருக்கும், அதையும் மொடல் கீழயிருந்து ஏறின ஈரம் எண்டு நினைக்கும், செம்மண் அப்பின காய்ஞ்ச சுவர்ப் படங்களையும் கனக்கச் சேருங்கோ. உள்ளுக்குச் சுவரில மாலை போட்ட படங்கள் தொங்கும். அதுகளைக் கழட்டச் சொல்லிக் கேக்கவும் வேண்டாம், படத்துக்குள்ள எடுக்கவும் வேண்டாம், அந்தக் கட்டத்தை விட்டுப்போட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கோ. எங்கட ஊரில இதை விளக்கத் தேவையில்லை.

வெப்பக் கமரா நல்லதுதான், எம்எல்எக்ஸ் 90640 எண்ட சின்னச் சென்சர் 32 க்கு 24 புள்ளியில சுவரின்ர சூட்டைக் காட்டும், ஈரம் ஆவியாகிற இடம் குளிராத் தெரியும். ஆனால் அது எப்ப வேலை செய்யும் எண்டு தெரிஞ்சிருக்கவேணும். கச்சான் காத்து அடிக்கிற நாளில 32 பாகை, ஈரப்பதன் 55 வீதம் எண்டு வைப்பம், ஈரத்துணி சுத்தின வெப்பமானி 25 பாகை அளவில நிக்கும், ஏழு பாகை இடைவெளி, ஈர இடம் அந்த ஏழும் குளிராட்டியும் பளிச்செண்டு தெரியும். மார்கழி மழையில 26 பாகை, 95 வீதம், இடைவெளி ஒரு பாகையும் இல்லை. சுவர் ஆகக் கூட ஊறியிருக்கிற நேரத்திலதான் கமராக்குக் கண் தெரியாது. வெயில் நேர அடிக்கிற சுவரிலயும் எடுக்காதேங்கோ, நிழல் விழுந்த இடம் ஈரம் மாதிரிக் காட்டும். மினுங்கிற எனாமல் பெயின்ற் உங்கட உடம்புச் சூட்டையே திருப்பிக் காட்டும், ஒருக்கால் என்ர தலையை ஈரம் இல்லாத இடமெண்டு வட்டம் போட்டு வைச்சிருந்தனான்.

மொடலைப் பழக்கிறது

எல்லாத்தையும் ஒரு அட்டவணையில எழுதுங்கோ, ஒரு புள்ளிக்கு ஒரு வரி. வீட்டு இலக்கம், சென்சர் இலக்கம், எந்தத் திசைச் சுவர், உள்ளோ வெளியோ, நிலத்திலயிருந்து உயரம், விடிய எண், பின்னேர எண் (ரெண்டும் காய்ஞ்ச புள்ளியால வகுத்தது), ரெண்டுக்கும் வித்தியாசம், காத்தின்ர வெப்பமும் ஈரப்பதனும், கடைசியா மழை பெஞ்சு எத்தினை நாள், போன ஏழு நாளில எவ்வளவு மழை, பெயின்ற்றோ சுண்ணாம்போ வெறும் பூச்சோ, வெளி நிலம் உள் நிலத்தைவிட எவ்வளவு பதிவு. மழையளவுக்கு முற்றத்தில ஒரு நேர்விளிம்புப் போத்தலை வைச்சு அடிமட்டத்தால அளந்தாலும் காணும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எண்டால் இன்னொரு கேள்வியும் கேளுங்கோ, 2018 மார்கழி வெள்ளத்தில இந்த வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு உயரத்துக்கு நிண்டது எண்டு. ஆச்சிமார் சுவரில கைவைச்சே காட்டுவினம். வெள்ளத்தோட ஏறின உப்பு தண்ணி வத்தின பிறகும் அந்த உயரத்தில கிடக்கலாம், அதால அதையும் ஒரு நிரலாப் போடுங்கோ. கடைசி நிரல்தான் உப்பைக் கழிச்ச மிச்சத் தண்ணி.

உங்கட லப்டொப் பழசெண்டாலும் பிரச்சினை இல்லை, கூகிள் கோலாப்பில (இணையத்தால கூகிளின்ர கம்பியூட்டரில புரோகிராம் ஓட்டுற இடம்) அட்டவணையை ஏத்தி சைக்கிட் லேர்ன் எண்ட மெசின் லேர்னிங் தொகுப்பில செய்யலாம். நியூரல் நெட்வேர்க் எண்டு போகாதேங்கோ, நூறு இருநூறு வரிக்கு அது அதிகம். முதல்ல ஒரு மொட்டை விதியை வையுங்கோ: விடிய எண் காய்ஞ்ச புள்ளியைவிட இவ்வளவு குறைவெண்டால் ஈரம் எண்டு. அது எத்தினை சரி எண்டு எண்ணுங்கோ. மொடல் இந்த மொட்டை விதியை வெல்லாட்டி மொடலை எறிஞ்சுபோட்டு விதியையே பாவியுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை. பேந்து ரண்டம் ஃபொரஸ்ட், 2001 இல லியோ பிரைமன் குடுத்த முறை, நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை (கேள்விக்கு மேல கேள்வி கேட்டுக் கிளை கிளையாப் பிரிஞ்சு விடைக்குப் போறது) கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா வளர்த்து எல்லாத்தையும் கேட்டுச் சராசரி எடுக்கிறது. இந்த அளவு டேட்டாக்கு அது நல்லா ஒத்து வருது.

ரெஸ்ற்றுக்குப் பிரிக்கிறதில (பழக்காமல் சோதிக்கவெண்டு ஒரு பங்கு வரிகளை ஒதுக்கிறதில) கனபேர் விழுறவை, நானும் விழுந்தனான். வரிகளைக் கலக்கிப் போட்டு எண்பதுக்கு இருபது எண்டு பிரிச்சால், ஒரே சுவரின்ர பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒண்டு பழக்கிறதிலயும் ஒண்டு ரெஸ்ற்றிலயும் போகும், மொடல் அந்த வீட்டை அடையாளம் பிடிச்சு விடையைச் சொல்லிப்போடும். வீட்டு வாரியாப் பிரியுங்கோ. சைக்கிட் லேர்னில குரூப் கே ஃபோல்ட் எண்டு இருக்கு, குரூப் எண்ட இடத்தில வீட்டு இலக்கத்தைக் குடுத்தால் ஒரு வீடு முழுசா ஒரு பக்கத்திலதான் நிக்கும். நான் இதை மாத்தினவுடன மொடல் சரியாச் சொன்னது தொண்ணூறு சொச்ச வீதத்திலயிருந்து அறுபது சொச்சத்துக்கு விழுந்துது. மனம் விட்டுப்போச்சு, ஆனால் அதுதான் உண்மை எண், ஏனெண்டால் நாளைக்கு நீங்கள் போகப்போறது மொடல் காணாத வீட்டுக்கு. பேந்து விடிய-பின்னேர வித்தியாசத்தைப் போட்ட பிறகுதான் அது எழும்பத் தொடங்கிச்சுது. வீடு கூடக் கூட நல்லம், ஒரு வீட்டில நூறு புள்ளி எடுக்கிறதைவிடப் பத்து வீட்டில பத்துப் பத்து.

கோடையில எடுத்த டேட்டாவை மட்டும் வைச்சுப் பழக்கிப்போட்டு மாரியில கொண்டுபோய் வைக்காதேங்கோ. ரண்டம் ஃபொரஸ்ட் தான் கண்ட ஆகக்கூடின எண்ணுக்கு மேல ஒருநாளும் சொல்லாது. கோடையில 5 வீதத்துக்கு மேல காணாத மொடல், மார்கழியில 12 வீதத்தில ஊறி நிக்கிற சுவருக்கும் 5 எண்டுதான் சொல்லும். ஐப்பசி, மார்கழி, மாசி, ஆடி எண்டு வருசத்தில நாலுதரம் எடுத்தால் ஓரளவுக்குச் சரி.

விடையைச் சொல்லுற விதத்திலயும் யோசிக்கவேணும். மொடல் பிழையா ஈரமெண்டு சொன்னால் ஆரோ ஒருத்தர் கடன்பட்டுச் சுவரை வெட்டுவினம். பிழையாக் காய்ஞ்சதெண்டு சொன்னால் இன்னொரு மாரி பொருக்கு உதிரும், அவ்வளவுதான். ரெண்டும் ஒரே பாரம் இல்லை. அதால மரங்கள் எல்லாம் ஒத்துப்போற இடத்தில மட்டும் விடை சொல்லவிடுங்கோ, மரத்துக்கு மரம் எண் தள்ளாடினால் அந்தப் புள்ளிக்குத் துளைச்சுப் பார் எண்டு எழுதி வரட்டும். என்ர அட்டவணையில இண்டைக்கும் மூண்டில ஒண்டு துளைச்சுப் பார்தான்.

பெரியம்மா வீட்டுச் சுவருக்கு வாறன். கட்டம் முழுக்க மொடல் சொன்ன எண்ணை நிறம் தீட்டிப் பாத்தால், கீழ் ரெண்டு வரியும் கடும் சிவப்பு, 80 இல மங்கல், 120 இல ஒண்டுமில்லை. கீழயிருந்து ஏறுறது எண்டது விளங்குது. ஆனால் கிழக்குச் சுவர் மட்டும்தான், மற்ற மூண்டும் சுத்தம். டிபிசி இல்லையெண்டால் நாலு சுவரும் ஏறவேணுமே? எந்த அம்சம் விடைக்குக் கூட உதவிச்சுது எண்டு காட்டுற மொடலின்ர அம்ச வரிசையைப் பாத்தன், வெளி நிலப் பதிவு எண்ட நிரல் மேல நிக்குது. வெளியால போய் மண்வெட்டியால கிளறினால், வெள்ளத்துக்குப் பிறகு முற்றத்தை உயர்த்தவெண்டு கொட்டின கிரவல், கிழக்குப் பக்கம் டிபிசிக்கு மேல ஆறு அங்குலம் ஏறி நிக்குது. டிபிசி இருக்கு, நல்லாத்தான் இருக்கு, ஈர மண் அதைத் தாண்டி நேர சுவரில சாய்ஞ்சு நிக்குது. முதல் வந்த மேசன் உள்ளுக்கிருந்து பாத்துப்போட்டுப் போனவர், வெளியால ஆரும் கிளறிப் பாக்கேல்லை.

கிரவலை டிபிசிக்குக் கீழ ஆறு அங்குலம் மட்டும் வெட்டி இழுத்து, ஊதின பெயின்ற்றை முழுக்கச் சுரண்டிச் சுவரை மூச்சு விட விட்டாச்சு. ஒரு அங்குலத் தடிப்புக் காய ஒரு மாதம் எண்டு கட்டடக்காரர் ஒரு கணக்குச் சொல்லுவினம், ஆறு அங்குலக் கல்லுக்கு அரை வருசம். ஆனியில வெட்டினது, தை பிறக்கேக்க திரும்ப அளந்து பாக்கவேணும். பெரியம்மா பொங்கலுக்கு வெள்ளை அடிக்கவேணுமெண்டு இப்பவே சுண்ணாம்பு வாங்கி வைச்சுக்கொண்டு நிக்கிறா. வெண்கட்டிக் கோட்டை அழிக்கவேண்டாம், முதல்ல விடிய ஆறு மணிக்கு நான் வந்து அளக்கவேணும் எண்டு சொல்லியிருக்கிறன். சரி வா, ஆனால் அஞ்சரைக்கே வா, நான் முற்றத்துக்குச் சாணகம் தெளிக்க முதல் எண்டிட்டா.